நேர்ச்சை இல்லாத மொட்டை

திரைப்படத்தில் ஒரு குழந்தையை நடிக்க வைப்பதென்றால் மாவட்ட ஆட்சியரிடம் முன்அனுமதி பெற வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழந்தையை வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது. படிப்பு கெடக் கூடாது. நல்ல விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்சியர் அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு, எந்த விதியைக் கண்டாலும் அதில் விட்டுப்போனது என்ன என்று தேடத் தோன்றும். இதில் தலைமுடியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தவிர, இந்த விதி பிறந்தபோது நான் நடிப்பிலிருந்தும் அரசுப் பணியிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டதால், முன்தேதியிட்டு அதன் பலனை எனக்கு வழங்க வழியில்லை.

எட்டு வயதில் முழு மொட்டையோடு தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்பவளுக்கு வாடைக்காற்று எப்படி இருக்கும் என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். முதலில் உச்சந்தலையில் பச்சைத் தண்ணீர் விட்டது போல ஒரு சிலிர்ப்பு, பிறகு காதுக்குப் பின்னால் யாரோ ஊதுவது போல ஒரு கூச்சம், அப்புறம் உப்பு. காய்ந்துகொண்டிருக்கும் மீனின் வாடையும் படகுக்குப் பூசிய தாரின் வாடையும் மூக்கைக் கேட்காமல் நேராக மண்டைக்குள் இறங்குவது போல இருக்கும். அதுவரை இரட்டைச் சடையும் ரிப்பனுமாகத் திரிந்த எனக்கு, தலையும் காற்றை அறியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வேலைக்காகத் தூத்துக்குடிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. முத்துக்குளிப்பு நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. குளித்தவர்கள் சங்கு எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். முத்து நின்ற பிறகுதான் முத்தைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று சென்னையில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. கடலில் மூழ்கிச் செத்துப்போகும் முத்துக்குளிப்பவரின் மகன் வளர்ந்து கதாநாயகன் ஆவான். அந்த மகனின் சின்ன வயதுக்கு ஒரு பையன் தேவை என்று படக் கம்பெனியின் உதவி இயக்குநர் எங்கள் பள்ளிக்கு வந்தார். நாலாம் வகுப்புப் பையன்களை வரிசையாக நிறுத்தி, "அப்பா, எந்திரிங்கப்பா" என்று அழச் சொன்னார். பையன்கள் அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தபடி சிலையாக நின்றார்கள். அப்பாவுக்குச் சாக்பீஸ் கொடுக்க வந்து வாசலில் நின்ற நான், சும்மா இருக்க மாட்டாமல் அந்த வரியை அழுது காட்டினேன்.

"யாரு சார் இது?" என்றார் அவர்.

"என் மகள்," என்றார் அப்பா. "ஜெபமணி."

"பொண்ணா? பரவால்ல சார். கதைப்படி இந்தப் பையனுக்கு மொட்டைதான். முடியை எடுத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது? பேரும் வசதியா இருக்கு. மாஸ்டர் மணின்னு போட்டுக்கலாம்."

எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் ஒரு விதி இருந்தது. அச்சடித்த விதியல்ல, அதனாலேயே அதற்குப் பலம் அதிகம். சபையார் சினிமா பார்க்கக் கூடாது. அன்று சாயங்காலம் அம்மா அதைத்தான் எடுத்தாள்.

"சபைல கேட்டா என்ன சொல்லுவிய?"

"பாக்கக் கூடாதுன்னுதான சொல்லிருக்காவ," என்றார் அப்பா. "நடிக்கக் கூடாதுன்னு எங்க சொல்லிருக்காவ?"

"அப்படி ஒரு ஆள் வருவாவன்னு அவியளுக்குத் தோணல."

"அதுக்கு நான் பொறுப்பில்ல."

விதியை அதன் விளிம்பில் பிடித்துத் தூக்கிப் பார்க்கும் வித்தை எனக்கு ஆட்சியர் அலுவலகத்தில் வந்ததல்ல என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கோ சினிமா ஒரு பொருட்டே இல்லை. அந்த மாதம்தான் ஞாயிறுதோறும் சபையில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் டீச்சர், வருகிற கிறிஸ்மஸ் நாடகத்தில் காபிரியேல் தூதன் வேடம் எனக்கு என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளை அங்கி, ஜிகினா ஒட்டிய அட்டைச் சிறகு, எல்லாரும் கீழே நிற்க ஸ்டூல் மேல் ஏறி நின்று பேசும் உரிமை. மூன்று வருடமாக ஆட்டுக்குட்டியாகத் தவழ்ந்து முழங்கால் தேய்ந்த பிறகு கிடைத்த பதவி உயர்வு அது. வசனம் முழுக்க மனப்பாடம்; கிணற்றடியில் துவைகல் மேல் ஏறி நின்று தினமும் வாளிக்கு மங்களச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன். சினிமாவில் நடித்தால் காபிரியேலுக்கு நல்ல பழக்கமாக இருக்கும் என்று அப்பா சொன்னதால்தான் நான் சம்மதித்தேன்.

மொட்டை போட்டு மறுநாள் காலை அழைத்து வரும்படி கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஊரில் எந்த முடிவெட்டும் கடைக்காரரும் பெண்பிள்ளைத் தலையில் கத்தி வைக்க ஒப்பவில்லை. ஒருவர் மட்டும் ஒப்புக்கொண்டு, என் அழுகையைக் கேட்டதும் கத்தியை மடக்கி வைத்துவிட்டார். அப்பா கணக்கு வாத்தியார் அல்லவா, முறையாக யோசித்தார்: பிள்ளைகளுக்குக் கீறல் படாமல் மொட்டை போடுவதில் கைதேர்ந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? திருச்செந்தூரில். பஸ் ஏறினோம். அது கந்தசஷ்டிக் கூட்டம் என்பதை அப்பா கணக்கில் சேர்க்கவில்லை. கோயிலுக்கு வெளியே கடற்கரையில் உட்கார்ந்திருந்த ஒருவர், நான் அழ வாய் திறப்பதற்குள் வேலையை முடித்துவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் எங்களுக்கு நேர் பின்னால், சஷ்டி விரதம் இருந்து நெற்றி நிறைய விபூதியோடு, எங்கள் தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த பால்பாண்டி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

என் தலையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார்வாள்," என்றார் மெதுவாக, "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"அண்ணாச்சி, இது வேற விஷயம். சினிமாவுக்காக..."

"புரியுது சார். ஒங்களால அப்படித்தான் சொல்ல முடியும்."

அண்ணாச்சி நல்ல மனிதர். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதைக் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். கிறிஸ்தவ வீடு, வாத்தியார் வீடு என்று ஒதுங்கி இருந்தவர்கள் கடைசியில் முருகனிடம் வந்து "முடி இறக்கி"விட்டார்கள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சாமான் வாங்கப் போனால் பனங்கற்கண்டு ஒரு கை கூடுதலாக விழுந்தது. என் தலைக்கு என்று சந்தனம் வேறு அரைத்துக் கொடுத்தனுப்பினார். அடுத்த வீட்டுக் கத்தோலிக்க மாமி இன்னொரு முடிவுக்கு வந்திருந்தாள். வேலி வழியாக எட்டிப் பார்த்து, "வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சையா? சொல்லிருந்தா நானும் ஒரு மெழுகுதிரி கொடுத்து விட்டிருப்பேனே" என்று குறைப்பட்டுக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் பிள்ளைத் தலையில் மொட்டை என்றால் அதற்குப் பின்னால் ஒரு நேர்ச்சை, ஏதாவது ஒரு வேண்டுதல், இருந்தே ஆக வேண்டும். நேர்ச்சையே செய்யாதவர்கள் எங்கள் சபையார் மட்டும்தான். ஆக, மூன்று கூட்டத்தாருக்கும் நடுவில், எதற்கும் சொந்தமில்லாத மொட்டையாக நான் நின்றேன்.

படப்பிடிப்பு முதல் நாள். கடற்கரையில் விறகு அடுக்கியிருந்தார்கள். அதன் மேல், மூழ்கி இறந்த தகப்பனாக, கஸ்பார் என்ற நிஜமான சங்கு குளிப்பவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சுற்றிலும் அவருடைய கூட்டாளிகள், அழுவதற்காகக் கூட்டி வரப்பட்டவர்கள். நான் மொட்டைத் தலையும் தோளில் தண்ணீர்க் குடமுமாக அவரைச் சுற்றி வர வேண்டும். கேமராவை ஓடவிடச் சொல்லி இயக்குநர் வாயைத் திறக்கும் நேரம், பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"சார், ஒரு சந்தேகம்."

"பொணம் பேசக் கூடாதுய்யா," என்றார் உதவி இயக்குநர்.

"பேசல சார். கேக்கேன். என்னைய எரிக்கவா போறிய?"

"படத்துலதானே."

"படத்துலதான். ஆனா எங்கம்ம மொத நாளே போயி முன்னால உக்காந்து பாப்பா. எங்கள்ல கோயில் மணி அடிச்சி, சாமியார் வந்து, பெட்டியில வச்சிக் குழிக்குள்ள எறக்குவாவ. எரிச்சா அவ தாங்க மாட்டா. பிள்ளைக்கு மொட்டையும் போட மாட்டோம்."

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். அழ வந்தவர்கள் அத்தனை பேர் கழுத்திலும் கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கியது. காலையிலிருந்து தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"ஏன்யா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலயே சார். சினிமால எப்படியும் செய்வியன்னு இருந்துட்டோம்."

இயக்குநர் கோபத்தோடு, குடை பிடித்து நின்ற அப்பாவிடம் திரும்பினார். "வாத்தியார் சார், நீங்க இந்த ஊர்லதானே இருக்கீங்க? நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"மொட்டைன்னு சொன்னீங்க," என்றார் அப்பா. "என்னத்துக்குன்னு சொல்லலியே."

முற்பகல் முழுக்க விறகைக் கலைத்து, பெட்டி செய்து, பாதிரியார் அங்கி தைத்தார்கள். காட்சி கிறிஸ்தவ அடக்கமாக மாறியது. அதில் ஒரே ஒரு பொருந்தாத பொருள் மிச்சம்: என் தலை. முந்தின நாள் இழந்த முடியை இப்போது திரும்பக் கேட்டார்கள். சென்னையிலிருந்து வந்த தகரப் பெட்டிக்குள்ளிருந்து, தொப்பி போல மாட்டும் ஒரு சவுரி முடி வெளியே வந்தது. அதற்கு முன் அதை எத்தனை பேர் சூடினார்களோ, ஒவ்வொருவருடைய எண்ணெயும் வியர்வையும் தனித்தனியாக மணந்தது. பசை போட்டு ஒட்டினார்கள். மொட்டைத் தலையில் அந்தப் பசை மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது.

வாடைக்காற்றுக்குப் பசையெல்லாம் தெரியாது. முதல் முறை நான் அழ வாயைத் திறந்ததும் சவுரி எழும்பி, பெட்டியைத் தாண்டி, சாமியாராக நின்றவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கடலுக்குள் போய் விழுந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார்கள்.

"ஏலே மொட்ட, ஒம் முடி நீந்துதுலே."

"அதப் பிடி, எறா வலைக்கு ஆவும்."

உப்பு நீரில் நனைந்து வந்ததைப் பிழிந்து மறுபடி ஒட்டினார்கள். மறுபடியும் பறந்தது. மூன்றாம் முறை, பறக்கவிடாமல் இரண்டு கையாலும் தலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அப்பா, எந்திரிங்கப்பா" என்று அலறினேன். எரிச்சலிலும் வெயிலிலும் கண்ணீர் தானாக வந்தது. பெட்டிக்குள் கிடந்த கஸ்பார் உதட்டை அசைக்காமல், "எந்திரிச்சா ஏசுவாவ மக்கா" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரிப்பை அடக்கத் தோள் குலுங்கியது. இயக்குநர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். துக்கத்தில் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அதன் பிறகு என்னுடைய எல்லாக் காட்சியிலும் நான் தலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

காலையில் சூரியன் கடலிலிருந்து ஏறும்போது தொடங்கினால் அது ஊருக்குப் பின்னால் இறங்கும்வரை வேலை. சவுரிக்குள் வியர்த்து வியர்த்துத் தலை முழுக்க வேர்க்குரு, மேலே கொப்புளம். அம்மா, அண்ணாச்சி கொடுத்த சந்தனத்தை முதல் நாளே பரணில் ஒளித்து வைத்திருந்தாள். மொட்டையில் சந்தனம் என்றால் சாட்சியம் முழுமையாகிவிடும் அல்லவா. நான் பட்ட பாட்டைப் பார்த்து, கடைசியில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, இது மருந்து" என்று சொல்லிக்கொண்டே குழைத்துப் பூசினாள்.

ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல் அல்ல. காட்சிக்குக் காட்சி நடுவில் விளக்கு மாற்றவும் மேகம் விலகவும் காத்திருக்கும் நேரம் ஏராளம். சவுரியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால் நான் வெறும் மொட்டைப் பையன். பெண்பிள்ளையாக இருந்தவரை எனக்குக் கடற்கரை என்பது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூர நின்று பார்க்கும் ஒன்று. இப்போது யாரும் என்னைப் பெண்பிள்ளையாக "ஏளா" என்று கூப்பிட்டு விரட்டவில்லை. "ஏலே, ஏறுலே" என்று படகுக்குள் இழுத்துப் போட்டார்கள். கயிறு பிடித்தேன். சங்கின் வாயில் காதை வைத்துப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் மூச்சைப் பிடித்து முங்கி, மண்ணை அள்ளி வந்து காட்டி, "நானும் எடுத்தேன்" என்று சத்தம் போட்டேன். அப்பா கரையில் குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அம்மாவிடம் சொல்லவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஊதியத்துடன் கூடிய விடுப்புகளில் அதுதான் முதலாவது, அதுதான் சிறந்தது.

வீட்டில் அப்படி இல்லை. அண்ணாச்சியின் சந்தோஷம் தெருத் தெருவாக நடந்து எங்கள் சேகர மன்றத்தை, அதாவது சபையை நிர்வகிக்கும் கமிட்டியை, எட்டியிருந்தது. மன்றத்தின் செயலாளர் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சுருக்கம் இல்லாத முகம். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வரும். காபி குடித்துவிட்டு, குருவானவரே கவலைப்படுவதாகவும், நேர்ச்சை மொட்டை போட்ட பிள்ளையைத் தேவதூதனாக நிறுத்தினால் சபையில் பேச்சு வரும் என்றும் சொன்னார். அப்பா நடந்ததை ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னார்.

செயலாளர் யோசித்தார். "அப்ப, மொட்டை போட்டது படத்துக்காக."

"ஆமா."

"ஆனா படத்துல மொட்டை இல்ல."

"இல்ல. சவுரி."

"சார், இத நான் எப்படி மன்றத்துல வாசிக்க?"

"படம் வந்ததும் யாராவது ரெண்டு பேர் போய்ப் பாக்கட்டும். சவுரின்னு அப்பட்டமாத் தெரியும்."

"சினிமா பாக்கக் கூடாதே சார்."

இரண்டு பேரும் ஒரே விதியின் இரண்டு முனையில் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அப்போது புரியவில்லை. காபிரியேல் போய்க்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் புரிந்தது. அப்பா மறுநாளே மனு எழுதினார். தம் மகளின் மொட்டை நேர்ச்சைக்கானது அல்ல, தொழில் நிமித்தமானது என்று மன்றம் பதிவு செய்ய வேண்டும். அவளுக்குச் சொல்லப்பட்ட வேடம் அவளுக்கே வழங்கப்பட வேண்டும். மனு பெறப்பட்டது. பதில் வரவில்லை. அந்தக் கிறிஸ்மஸில், பனங்கொட்டை நார் போல முளைத்திருந்த முடிக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு நான் மேய்ப்பனாக நின்றேன். ஸ்டூல் மேல் வேறொரு பிள்ளை நின்று நான் மனப்பாடம் செய்த வசனத்தைச் சொன்னாள். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டாள். கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை யாரும் மறுக்கவில்லை.

அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம் திறந்த சமயம் படம் வந்தது. எங்கள் சபையாரைத் தவிர ஊர் முழுக்கப் பார்த்தது. கஸ்பாரின் அம்மா முதல் நாளே போய் முன் வரிசையில் உட்கார்ந்து, மகனின் அடக்கத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாளாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஸ்பார், "எம்மோவ், நான் இங்கனதாம்மா இருக்கேன்" என்று தோளைத் தொட்டதற்கு, "ஒஞ்சாவ எனக்கே கூட்டியாந்து காட்டுதியாலே" என்று அவர் முதுகில் நாலு வைத்தாளாம். தலையைப் பிடித்துக்கொண்டு அழும் அந்தப் பையனைப் பார்த்துக் கொட்டகையே விசும்பியதாகச் சொன்னார்கள். கடைத்தெருவில் யாராவது, "அந்தப் பையன் ஒங்க மகனா சார்?" என்று கேட்டால் அப்பா, "மகள்" என்பார், கேட்டவர் நம்பாமல் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது செயலாளர் அப்பாவை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். நானும் கூடவே இருந்தேன். பிள்ளைகளுக்குக் காது இருப்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுவது வழக்கம்.

"சார், நீங்க சொன்னது நெசந்தான்," என்றார். "சவுரிதான். நெத்தியில தையல் கூடத் தெரியுது. ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு நிக்கா பாவம். எனக்கே கண்ணுல தண்ணி..."

அங்கே நிறுத்தினார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தார். சபைக்குள் எங்கள் வழக்குக்கு இருந்த ஒரே சாட்சி வாயைத் திறந்தால், அவர் அந்தச் சட்டையையும் பதவியையும் கழற்றி வைக்க வேண்டியிருக்கும்.

"யாரோ பாத்தவங்க சொல்லிருப்பாவ," என்றார் அப்பா.

"ஆமா சார். பாத்தவங்க சொன்னாவ."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "அவிய ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிருமே. நீங்க ஏன் விட்டிய?"

"ஒரு அட்டச் சிறகுக்காக ஒரு மனுஷனை மன்றத்துல நிறுத்தவா?" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "இதப் பத்தி நீ வெளிய பேசக் கூடாது, என்ன?" என்றார். காபிரியேலை இழந்தவள் நான். விட்டுக்கொடுத்த பெருமை அவருக்கு. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஆனால் வேப்பமரத்தடியில் செயலாளர் முகம் இருந்த இருப்பை நானும் பார்த்திருந்தேன். தலையை ஆட்டினேன்.

மனு நிலுவையில் கிடந்தது. நான் மேய்ப்பனாகவே வளர்ந்து, அங்கி முழங்காலுக்கு ஏறியதும் நாடகத்திலிருந்து விடுவிக்கப்பட்டேன். மாஸ்டர் மணிக்குச் சென்னையிலிருந்து வேறு அழைப்பு வரவில்லை; தலையைப் பிடித்துக்கொண்டு நடிக்கும் பாத்திரங்களுக்கு அங்கே பற்றாக்குறை இல்லை போலும். அப்பா மட்டும் அந்த மனுவை விடவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸ் வரும்போதும் கேக் வெட்டுவதற்கு முன், "மணி, மன்றத்துல இருந்து ஏதும் பதில் வந்துதா?" என்பார். நான் தாசில்தார் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், எனக்குத் தலை நரைத்த பிறகும் கேட்டார். நாங்கள் சிரிப்போம். அலுவலகத்தில் யாராவது ஒரு மனுவைக் காலவரையறையின்றி அமுக்கி வைத்தால் நான் மட்டும் ஏன் அப்படிக் குதிக்கிறேன் என்று என் கீழ் வேலை பார்த்தவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

செயலாளர் முதலில் போனார். அவருடைய அடக்கத்துக்கு அப்பா முன் வரிசையில் நின்றார். பிறகு அப்பாவும் போனார். நாங்கள் படம் எடுத்த கடற்கரை இப்போது ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உள்ளே போக அடையாள அட்டை காட்ட வேண்டும். கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். படத்தின் பிரதி எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்காத இடமில்லை, கிடைக்கவில்லை. அண்ணாச்சியின் கடையை அவர் பேரன் கண்ணாடிக் கதவு போட்டு நடத்துகிறான். பனங்கற்கண்டு பொட்டலத்தில் வருகிறது, எடை சரியாக இருக்கிறது. காற்று மட்டும் அதே வாடைதான். இப்போதும் ஐப்பசி பிறந்தால் சாயங்காலம் அந்தப் பக்கம் நடக்கப் போவேன், முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு. பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஓய்வூதியம் வருகிறது, முழங்கால் ஒத்துழைக்கிறது. ஆனால் நிலுவையில் ஒரு கோப்பு இருக்கும்போது நிம்மதியாகத் தூங்கும் பயிற்சி எனக்குத் தரப்படவில்லை.

எனவே இந்த ஆண்டு, யாருடைய பதவிக்கும் இனி ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொண்டு, சேகர மன்றத்துக்கு ஒரு நினைவூட்டு அனுப்பினேன். பொருள்: ஓய்வுநாள் பள்ளி நாடகம், காபிரியேல் வேடம். பார்வை: என் தந்தையின் மனு. ஒரு வாரத்தில் புதிய செயலாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வங்கியில் வேலை பார்க்கும் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, இது நெசமாவே மனுவா, இல்ல சும்மாவா?"

"மனு எங்கப்பா கொடுத்தது. இது நினைவூட்டு."

"சாட்சி யாராச்சும் இருக்காவளா?"

"ஒருத்தர் இருந்தாரு. பேரு சொல்ல மாட்டேன்."

"படம்?"

"கெடைக்கல."

"அப்ப எத வச்சி ஆன்ட்டி நாங்க முடிவு பண்ண?"

நான் எழுந்து முற்றத்தில் நின்றேன். மொட்டைக்கு மேல் சவுரி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் பசை எரிந்தது. இரண்டு கையாலும் தலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அப்பா, எந்திரிங்கப்பா" என்றேன். சத்தமாகச் சொல்ல நினைத்தேன். குரல் அவ்வளவு வரவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "காத்து எந்தப் பக்கத்துலேருந்து ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"வாடை," என்றேன்.

"சரி," என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

பதில் அப்பாவின் பெயருக்கு வந்தது. மனுதாரருக்குத்தான் பதில் போக வேண்டும், மனுதாரர் மறைந்திருந்தாலும். அந்தப் பெண்ணுக்கு நடைமுறை தெரிந்திருக்கிறது. மன்றம் நேரில் விசாரித்துத் திருப்தி அடைந்ததாகவும், தங்கள் மகளின் மொட்டை நேர்ச்சைக்கானது அல்ல என்று பதிவு செய்யப்பட்டதாகவும், தாமதத்துக்கு வருந்துவதாகவும் அதில் இருந்தது. இவ்வாண்டு கிறிஸ்மஸ் நாடகத்தைச் சபையின் மூத்தோர் நடத்துவதால் காபிரியேல் வேடம் தங்கள் மகளுக்கே ஒதுக்கப்படுகிறது. தூதனுக்கு வேண்டிய அங்கி, சிறகு, தோள்வரை தொங்கும் முடி ஆகியவற்றை மன்றமே வழங்கும். முடியைக் கட்டுவதற்கு நாடா உண்டு.

வாசித்து முடித்ததும் அதை அப்பாவின் படத்துக்கு முன்னால் கொண்டுபோய், "வந்துட்டுப்பா" என்றேன். பிறகு இன்னொரு முறை பார்த்தபோது, கடிதத்தில் தேதி போட விட்டுப்போயிருந்தது தெரிந்தது. இப்படிப்பட்ட குறையை நான் யாருக்கும் மன்னித்ததில்லை. இந்த ஒரு முறை மன்னித்து, கைக்குக் கிடைத்த நாளை நானே மேல் மூலையில் எழுதி வைத்தேன்: கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை, முற்பகல்.